ஹெஸ்டர் இந்த முறை பெட்டி கட்டவில்லை

கரீபியன் கடலில், லண்டன் ஆட்சிக்குட்பட்ட செயின்ட் ஆஸ்வின் தீவின் கவர்னர் அலஸ்டர் பென்ஃபோல்டின் மனைவி ஹெஸ்டர் மார்ச் இரண்டாம் வாரத்தில் இறந்துபோனாள். கவர்னரின் பதவிக்காலம் ஜூன் பதினான்காம் தேதியோடு முடிகிறது. நடுவில் பதின்மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அவர் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். போகாமல் இருப்பது ஒரு வேலையா? தீவில் எட்டாயிரம் பேர் அந்த வேலையைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கவர்னர் உத்தியோகத்தில் எழுதாத வழக்கங்கள் நிறைய உண்டு. எழுதிய சட்டத்தையாவது நல்ல வக்கீலாகப் பிடித்து வளைத்துவிடலாம். எழுதாததை எவனாலும் அசைக்க முடியாது. அவற்றில் முதல் வழக்கம், ஒரு தீவில் ஒரே சமயத்தில் இரண்டு கவர்னர்கள் இருக்கக் கூடாது என்பது. பழையவர் படகேறிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் புதியவர் வந்து இறங்குவார். இருவரும் கைகுலுக்கிக்கொள்வதுகூடக் கிடையாது. பழையவர் மேசை இழுப்பறையில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போவார். புதியவர் அதைப் படித்துவிட்டு, பழையவர் செய்ததற்கெல்லாம் நேர்மாறாகச் செய்யத் தொடங்குவார். போனவர் போனவர்தான். ஓய்வுபெற்ற பிறகு தீவிலேயே குடியிருக்க ஆசைப்படுகிற கவர்னரை, விருந்து முடிந்து விளக்கை அணைத்த பிறகும் நாற்காலியைவிட்டு எழாத ஆளைப் பார்ப்பதுபோல லண்டனில் பார்ப்பார்கள்.

ஹெஸ்டருக்கு வயிற்றில் கட்டி. பக்கத்துப் பெரிய தீவின் மருத்துவமனையில் அதைச் சொன்னபோதே, லண்டனுக்குப் போனால் இன்னும் நான்கைந்து மாதம் கூடக் கிடைக்கலாம் என்றார்கள். அந்த நான்கைந்து மாதமும் வார்டில்தானே என்று கேட்டுவிட்டு அவள் படகேறித் திரும்பி வந்துவிட்டாள். கவர்னர் மாளிகையின் பின்பக்க வராந்தாவில் கட்டிலைப் போடச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் கடலும், அவள் வைத்த செம்பருத்திச் செடிகளும், அவற்றைத் தின்னும் ஆடுகளும் தெரியும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் யூலலி, இருபத்திரண்டு வருடமாக அந்த மாளிகையில் இருப்பவள். ஆறு கவர்னர்களை வரவேற்று, ஐந்து பேரை வழியனுப்பியவள். ஹெஸ்டர் பக்கத்தில் அவள்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"யூலலி, அந்த ஆட்டைக் கொஞ்சம் விரட்டேன்" என்பாள் ஹெஸ்டர்.

"விரட்டினா நாளைக்கும் வரும், மிஸ் ஹெஸ்டர். அது முதலமைச்சர் வீட்டு ஆடு. அதுக்குக் கவர்னர் வீட்டுப் பூதான் வாய்க்கு ருசி."

"எதிர்க்கட்சித் தலைவர்கிட்ட ஆடு இல்லையா?"

"இருக்கே. அது வேலிக்கு வெளிய நின்னு கத்தும்."

ஹெஸ்டர் சிரிப்பாள், சிரித்தால் வலிக்கும், வலியோடு இன்னொரு தரமும் சிரிப்பாள். பென்ஃபோல்ட் அலுவலக அறையில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். எழுந்து போய்க் கூட உட்காரலாம். அடுத்த கோப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மாலை அவள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அலஸ்டர், நாம இதுவரைக்கும் எத்தனை வீடு காலி பண்ணியிருக்கோம்?"

"பதினொண்ணு."

"பன்னிரண்டு. லிமால ரெண்டு. உனக்கெப்படி ஞாபகம் இருக்கும்? பன்னிரண்டு தடவையும் பெட்டி கட்டினது நான். இந்தத் தடவை கட்டமாட்டேன்."

"நீ எதுக்குக் கட்டணும்? ஆளுங்க இருக்காங்களே."

"புரியாத மாதிரி நடிச்சா உனக்குக் காது செவந்துடும், தெரியுமா? நான் இங்கதான் இருக்கப்போறேன். சர்ச்சுக்குப் பின்னால, கடலைப் பாத்த மாதிரி. பாதிரியார்கிட்டயும் பேசியாச்சு. நீயும் இங்கயே இரு. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாத."

"இருக்கேன்."

"'ஆவன செய்யப்படும்'னு சொல்ற குரல்ல சொல்லாத."

"இருக்கேன், ஹெஸ்டர்" என்றார். அவள் அவர் காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை. அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவளுக்கு அவர் பட்ட கடன் என்று பார்த்தால் அவருடைய உத்தியோகம் மொத்தமும் அதில் அடங்கும். 1968இல் அங்காரா தூதரகத்தில் இருவரும் ஒரே அறையில் எதிரெதிர் மேசை. தேர்வில் அவள் நான்காவது, அவர் முப்பத்தொன்றாவது. அவளுக்குத் துருக்கி மொழி சரளமாக வரும். இவருக்குக் கடையில் ரொட்டி வாங்குகிற அளவுக்கு வரும். அந்தக் காலத்தில் வெளியுறவுத் துறையில் பெண்கள் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஹெஸ்டர் வெள்ளிக்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்தாள், சனிக்கிழமை கல்யாணம். நான்கு வருடம் கழித்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். லாகோஸில் இருந்தபோது அந்தச் சுற்றறிக்கையைப் பென்ஃபோல்டே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். அவள் படித்தாள். "நல்லது" என்றாள். பிறகு அன்றைய விருந்துக்கு வரும் பதினெட்டுப் பேரில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் சண்டை வராது என்று யோசிக்கப் போய்விட்டாள். அதன்பிறகு முப்பது வருடம், பென்ஃபோல்ட் அனுப்பிய அறிக்கைகளில் லண்டன் மெச்சிய வரிகளில் பாதி, ஹெஸ்டர் சாப்பாட்டு மேசையில் காதில் வாங்கி வந்தவை. பெயர் அவருக்கு, பதக்கம் அவருக்கு, கடைசியில் இறகு வைத்த கவர்னர் தொப்பியும் அவருக்கு.

லாகோஸில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். ஒன்பதாம் நாள் பென்ஃபோல்ட் விமான நிலையத்தில், தாமதமாக வந்த ஒரு மந்திரிக்காகக் காத்திருந்தார். செய்தி அங்கேதான் வந்தது. மந்திரியை இறக்கி, காரில் ஏற்றி, தங்குமிடத்தில் விட்டபிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். நான்கு மாதத்தில் டாக்காவுக்கு மாற்றல் வந்தது. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கலாமா, குழந்தை இங்கே இருக்கிறானே என்று ஹெஸ்டர் கேட்டாள். மாற்றல் வந்துவிட்டதே என்றார். அவள் பெட்டி கட்டினாள். அந்தக் கல்லறையை அவர்கள் மறுபடி பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அவள் சண்டை போட்டதும் இல்லை. போட்டிருந்தால் ஒருவேளை அவர் திருந்தியிருப்பார்.

ஹெஸ்டரின் அடக்கத்துக்குத் தீவே திரண்டு வந்தது. பள்ளிக்கூடம் மூடி, கடைகள் மூடி, மீன்பிடி படகுகள் கரையேறிக் கிடந்தன. முதலமைச்சர் கட்பர்ட் ரோமனி பாடகர் வரிசையில் நின்று தொண்டை கிழியப் பாடினார். மேற்கு முனையில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், அவள் கேட்ட இடத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். கல் வர நாளாகும் என்பதால் மரச்சிலுவை நட்டார்கள்.

ஏப்ரலில் பென்ஃபோல்ட் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஓய்வுக்குப் பிறகு சாதாரண ஆளாகத் தீவிலேயே இருந்துகொள்ள அனுமதி வேண்டும், எந்தப் பொது விஷயத்திலும் தலையிட மாட்டேன், மனைவியின் கல்லறை இங்கே இருக்கிறது என்று மூன்றே பத்தி. நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினார். அனுமதியே கேட்டிருக்கக் கூடாது என்பேன் நான். கேட்காமல் எதையும் செய்து அந்த மனிதருக்குப் பழக்கம் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் துயரத்தின் ஆழத்தை நாங்கள் உணர்கிறோம். ஆயினும், முன்னாள் கவர்னர் ஒருவர் தீவில் தங்குவது, அவருக்குப் பின் வருபவரின் பணிமீது, எவருடைய பிழையுமின்றியே, ஒரு நிழலாக விழக்கூடும் என்பதைத் தாங்களே நன்கு அறிவீர்கள்."

பென்ஃபோல்ட் அதை இரண்டாம் தரம் படித்தார். மூன்றாம் தரமும் படித்தார். அந்த வாக்கியம் அவர் எழுதியது.

அந்த அலுவலகங்களில் யாரும் எதையும் புதிதாக எழுதுவதில்லை. போன முறை இப்படி ஒருவர் கேட்டபோது என்ன பதில் போட்டோம் என்று பழைய கோப்பைத் தேடி எடுப்பார்கள். பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்புவார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், பென்ஃபோல்ட் லண்டனில் கரீபியன் தீவுகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தபோது, சர் லயனல் ஹாவ்த் என்ற ஓய்வுபெற்ற கவர்னர் வேறொரு தீவுக்குத் திரும்பிப் போக அனுமதி கேட்டு எழுதினார். அவருடைய மனைவியும் அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தாள். கோணல்மாணலான கையெழுத்து. பென்ஃபோல்ட் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் பத்து நிமிடத்தில் பதில் எழுதினார். 'எவருடைய பிழையுமின்றியே' என்ற சொல் வந்து விழுந்ததில் அவருக்கே பெருமை. மேலதிகாரி ஓரத்தில் 'நன்று' என்று எழுதினார். அன்று சாயங்காலம் வீட்டில் ஹெஸ்டரிடம் அந்த வரியைச் சொல்லிக் காட்டினார். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மனுஷனை யாராவது கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு டீ குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அலுவலக அறையில் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. யூலலி எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் ஹெஸ்டர் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"என்னாச்சு, கவர்னரய்யா?"

அவர் கடிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார். யூலலி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"ஆக, நீங்க போட்ட லெட்டர் உங்களுக்கே திரும்பி வந்திருக்கு."

"ஆமா."

"அந்தப் பெரியவர் என்ன ஆனார்?"

"அடுத்த குளிர்காலத்துல செத்துப்போனார். ஏதோ கடற்கரை ஊர்ல, ஒரு விடுதியில. பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"நீங்க ஒண்ணும் செய்யலையா?"

"அனுதாபக் கடிதம் எழுதினேன்."

"அதுக்கும் பழைய கோப்பு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மே மாதத் தொடக்கத்தில் கட்பர்ட் ரோமனி ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். இருவருக்கும் மூன்று வருடமாக ஆகாது. ரோமனி மேடைக்கு மேடை கவர்னரைத் திட்டுவார். கவர்னர் ரோமனியின் மசோதாக்களைக் கிணற்றில் போட்ட கல்லாக்கி வைப்பார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. யூலலிக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன் என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை.

"கவர்னரே, என் ஓட்டல் மசோதால ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சேன்" என்று ஆரம்பித்தார்.

"அது மசோதா இல்ல, கட்பர்ட். கடற்கரையை வேலி போட்டு உன் மச்சானுக்குக் குடுக்கிற பத்திரம்."

"சரி விடுங்க. உங்களைத் திட்டித்தான் போன தேர்தல்ல ஜெயிச்சேன். அந்த நன்றி எனக்கு உண்டு. இப்ப வந்தது வேற விஷயம். சர்ச்சுக்குப் பின்னால எங்க அத்தை வீடு சும்மாதான் கிடக்கு. ரெண்டு ரூம். போன புயலுக்கப்புறம் கூரை புதுசா போட்டது. எடுத்துக்கோங்க."

"லண்டன் வேண்டாம்னு சொல்லுது."

"லண்டன் யாரு சொல்றதுக்கு? இந்தத் தீவுல யார் குடியிருக்கலாம்னு முடிவு பண்றது என் இலாகா. குடியிருப்புச் சீட்டுல முத்திரை குத்தறவன் நான். உங்க சட்டப் புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு, நீங்கதான் எனக்கு அதை நாலு தடவை படிச்சுக் காட்டினீங்க."

பென்ஃபோல்ட் ஒரு மாம்பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மேல எனக்கொண்ணும் பாசம் பொங்கல" என்றார் ரோமனி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மிஸ் ஹெஸ்டர் தினமும் போய்த் தலை சீவி விட்டாங்க. மூணு மாசம். எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா போனப்புறம் நர்ஸ் சொல்லித்தான் தெரியும். அவங்க அங்க தனியா கிடக்கக் கூடாது. அதுக்குத்தான்."

மறுநாளே பென்ஃபோல்ட் யூலலியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கப் போனார். நீலக் கதவு, பாசி பிடித்த மழைநீர்த் தொட்டி, முற்றத்தில் ஒரு பப்பாளி. பின்னறை ஜன்னலைத் திறந்தால் மரச்சிலுவை தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். அவர் முன்னறையிலிருந்து ஒரு பழைய நாற்காலியை இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி உட்கார்ந்தார். இங்கே ரொட்டி எங்கே வாங்குவார்கள் என்று கேட்டார். மூன்று வருடம் ஆண்ட ஊரில் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"சமைக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் யூலலி.

"முட்டை வேக வைப்பேன்."

"முட்டையைத் தின்னுட்டு மனுஷன் எத்தனை நாள் இருப்பான்? செவ்வாயும் வெள்ளியும் நான் வரேன். கருவாடு, பட்டாணிச் சோறு, எதைப் போட்டாலும் மூஞ்சி சுளிக்காம சாப்பிடணும். இது கவர்னர் மாளிகை இல்ல, சொல்லிட்டேன்."

"சுளிக்கமாட்டேன்."

"கொடியில துணி காயப் போடத் தெரியுமா?"

"கத்துக்கறேன்" என்று அவர் சொன்னபோது முகம் மலர்ந்திருந்தது. அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். திரும்பி வரும்போது கல்லறைப் பக்கம் போய், நாற்காலியை எந்தப் பக்கம் போட்டிருக்கிறார் என்பதை ஹெஸ்டரிடம் சொன்னார். யூலலி கொஞ்ச தூரம் தள்ளி நின்று காத்திருந்தாள். இந்த ஆள் தேறிவிடுவார் என்று அவள் அன்று நம்பினாள். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மே இருபத்தேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு காலத்தில் பென்ஃபோல்டின் கீழே வேலை பார்த்தவர், நல்ல மனிதர்தான். ஹெஸ்டரைப் பற்றி அழகாக நான்கு வார்த்தை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"வீடு ஒண்ணு பாத்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம். புதுசா வரப்போறவருக்குக் கொஞ்சம் கவலை. ஜனங்க குறையைத் தூக்கிட்டு உங்க வாசல்ல வந்து நின்னா அவர் நிலைமை என்ன ஆகும்? நாங்க தடுக்கப்போறதில்ல, தடுக்கவும் முடியாது. சட்டம் எதுவும் இல்லையே. எது சரியோ அதை நீங்களே செய்வீங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

"நிச்சயமா. எனக்குப் புரியுது. யாருக்கும் சங்கடம் வராம பாத்துக்கறேன்" என்றார் பென்ஃபோல்ட்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. முப்பத்தைந்து வருடமாக, ஒவ்வொரு மாற்றல் உத்தரவுக்கும் அவர் சொன்ன பதில் அது. லாகோஸிலிருந்து போகச் சொன்னபோதும் இதே வார்த்தைகள்தான். யோசனை எழுவதற்கு முன்னாலேயே வாய் அதைச் சொல்லிப் பழகியிருந்தது.

தொலைபேசி ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. எடுத்து, மன்னிக்கவும், நான் இருக்கப்போகிறேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவர் மதியம் வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கையை அதன்மேல் வைத்தார். மூன்றாம் முறை யாரோ கதவைத் தட்டி ஒரு கோப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டார். அத்தோடு முடிந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஜூன் முதல் வாரத்தில் மூட்டை கட்டுகிறவர்கள் வந்தார்கள். ஹெஸ்டரின் துணிகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று கேட்டார்கள். அவர் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். யூலலிதான் வந்து, துணிகளை எடுத்து, சர்ச்சில் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஒதுக்கி வைத்தாள். அந்தப் பத்து நாளும் அவள் அவரோடு பேசவில்லை. தட்டைப் 'படீர்' என்று வைப்பாள், எடுப்பாள்.

பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்கு அவர் மேற்கு முனைக்கு நடந்தே போனார். சிலுவைக்கு முன்னால் நின்று காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தார். முதலாவது, புதிதாக வருகிறவருடைய நிலைமை. இரண்டாவது, தீவு மக்களுக்கு ஏற்படக்கூடிய குழப்பம். மூன்றாவது என்று ஒன்று இல்லை. புல்லில் மண்டியிட்டு, மரச்சிலுவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எட்டு மணிக்கு அணிவகுப்பு என்பதால் எழுந்து வந்துவிட்டார்.

வெள்ளைச் சீருடையின் கழுத்துக் கொக்கியை அவரால் போட்டுக்கொள்ள முடியாது. ஹெஸ்டர்தான் போட்டுவிடுவாள். அன்று யூலலி வந்து போட்டாள். போட்டுக்கொண்டே, பத்து நாள் மௌனத்தைக் கலைத்தாள்.

"யாரு போகச் சொன்னது உங்களை?"

"லண்டன்ல."

"போகலைன்னா வந்து இழுத்துட்டுப் போவாங்களா?"

"மாட்டாங்க."

"பென்ஷனை நிறுத்திடுவாங்களா?"

"இல்ல."

"சட்டம் கிட்டம் ஏதாவது இருக்கா?"

"இல்ல, யூலலி."

"அப்புறம் என்னதான் கேடு உங்களுக்கு?"

அவர் கொக்கிக்கு வாகாகக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். யூலலி கொக்கியை மாட்டிவிட்டு, இறகுத் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"செவ்வாயும் வெள்ளியும் நான் போவேன் மிஸ் ஹெஸ்டர்கிட்ட. நீங்க கவலைப்படாம போங்க" என்றாள்.

படகுத்துறையில் போலீஸ் வாத்தியக் குழு வாசித்தது. பள்ளிப் பிள்ளைகள் கொடி அசைத்தார்கள். ரோமனி கையைக் குலுக்கினார். வழக்கமாக ஒரு நக்கல் வைத்திருப்பவர், அன்று கவர்னரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நகர்ந்துகொண்டார். போலீஸ் படகு புறப்பட்டது. பக்கத்துப் பெரிய தீவில் இவரை இறக்கிவிட்டு, அங்கே ஓட்டலில் காத்திருக்கும் புதிய கவர்னரை மத்தியானம் அதே படகு ஏற்றி வரும்.

புறப்படும் கவர்னர் படகின் பின்பக்கம் நின்று, மாளிகைக் கொடியைப் பார்த்துச் சல்யூட் அடிக்க வேண்டும். கொடி கீழே இறங்கும்வரை கையை எடுக்கக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது. இதுவும் எங்கேயும் எழுதியில்லை. பென்ஃபோல்ட் விறைப்பாக நின்றார். அன்று காற்று பலமாக இருந்ததால் கொடி இறங்க நேரம் பிடித்தது. படகு துறையைத் தாண்டி, மேற்கு முனையை ஒட்டிப் போக ஆரம்பித்தது.

"ஐயா, இந்தப் பக்கம் பாருங்க" என்றார் படகோட்டி ஜோசையா. அறுபது வயது மனிதர். "சர்ச்சு மேட்டுல யூலலியும் பொம்பளைங்களும் நிக்கறாங்க. மேசை விரிப்பைப் பிடிச்சு ஆட்டறாங்க. மிஸ் ஹெஸ்டர் பக்கத்துல."

அவருக்குக் கேட்டது. கையை எடுக்கவில்லை. கண் கொடியிலேயே இருந்தது. கொடி முக்கால் கம்பம் வந்தது, அரைக் கம்பம் வந்தது.

"ஐயா, சீக்கிரம். முனை மறைச்சிடும்."

கொடி கீழே வந்தது. பென்ஃபோல்ட் கையை இறக்கித் திரும்பினார். பாறையும் அதன்மேல் பறந்த கடற்பறவைகளும் மட்டும்தான் தெரிந்தன.

ஜோசையா இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். "அஞ்சே நிமிஷம், ஐயா. திருப்பிட்டுப் போய் ஒரு தடவை காட்டிட்டு வரேன். வேணும்னா இறங்கியே போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இந்தக் கடைசி நிமிடத்திலும் வழி திறந்துதான் இருந்தது. பென்ஃபோல்ட் அந்தப் பாறையையே பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் ஒருமுறையாவது, ஒரே ஒரு முறையாவது, திருப்பு என்று சொல்லிவிடுவார் என்று ஜோசையா சுக்கானில் கை வைத்துக் காத்திருந்தார்.

"வேண்டாம், ஜோசையா. பாவம், புதுசா வரவர் அங்க காத்துட்டிருப்பார்" என்றார் பென்ஃபோல்ட்.

சொல்லிவிட்டுக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, இறகுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஹெஸ்டர், ஹெஸ்டர் என்று வாய்விட்டு அழுதார். ஜோசையாவுக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. படகு சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.